இரண்டு யசோதைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும்

1

சட்டமறுப்பு இயக்கம் நடந்த நாட்களில், 1930களின் தொடக்கத்தில், திருச்சி சிறையில் ஒரு மராட்டியப் பள்ளி ஆசிரியர் அடைபட்டிருந்தார். பெயர் பாண்டுரங்க ஸதாசிவ ஸானே. கொங்கணத்தில் பால்கட் என்ற கிராமத்தில் 1899இல் பிறந்தவர். அமள்நேர் பள்ளியில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை 1930இல் விட்டுவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். திருச்சி சிறையில்தான் அவர் தமிழ் கற்றுக்கொண்டார். குறளை மராட்டிக்குக் கொண்டுபோனவர்களில் அவரும் ஒருவர். மராட்டியர்கள் அவரை ஸானே குருஜி என்கிறார்கள்.

புதுக்கோட்டை ரோட்டில், ஏர்போர்ட் போகிற வழியில், அந்தச் சிறையைத் தாண்டிப் பல தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். உள்ளே ஒருவர் நம் எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. இந்த ஊர் இலக்கியக் கூட்டங்களில் இது பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.

1933 பிப்ரவரியில் நாசிக் சிறையில் ஐந்தே நாட்களில் அவர் எழுதி முடித்த புத்தகம் 'ஷ்யாம்சி ஆயி' - ஷ்யாமின் அம்மா. 1935இல் அச்சேறியது. இன்றளவும் மராட்டி வீடுகளில் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டப்படுகிறது. பி. கே. அத்ரே 1953இல் இதைப் படமாக எடுத்தார். தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கிய 1954இல் முதல் ஜனாதிபதி தங்கப் பதக்கம் அதற்குத்தான். இவ்வளவு பேரும் புகழும் உள்ள ஒரு புத்தகத்தைச் சிறுபத்திரிகை வாசகன் சந்தேகத்தோடுதான் கையிலெடுப்பான். நானும் அப்படித்தான் எடுத்தேன். ஆங்கிலத்தில்தான் படித்தேன், மராட்டி தெரியாது. படித்த பிறகு அந்தச் சந்தேகத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

2

படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது.

என் தங்கை ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிப் பக்கம் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறாள். கணிதத்தில் பி.எஸ்ஸி. கணவருக்கு வெளியூர் வேலை. சனி, ஞாயிறு வந்துபோவார். பையன் பிறந்தது 2014இல். அவன் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய 2020 ஜூனில் பள்ளிகள் மூடிக்கிடந்தன. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. அதுவரையில் ஊரிலிருந்த தாய்மார்கள் எல்லோருமே, செல்போனும் கையுமாக, வீட்டு வாத்தியார்கள்தாம். திறந்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள். என் தங்கையும் ஏற்றினாள். மூன்றாவது வாரம் இறக்கிவிட்டாள். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிற பையன் அவன். 'மந்தம்' என்று டயரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் மீது அவளுக்குக் கோபமில்லை. அந்த வார்த்தையைப் பையன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டான் என்பதுதான் அவளைத் தாக்கியது. அவன் தமிழில் தானாகப் படித்த முதல் வார்த்தைகளில் அது ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயதிலிருந்து பதினான்கு வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டிலேயே தாயோ தகப்பனோ கற்பிப்பதைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அனுமதியும் இல்லை, வெளிப்படையான தடையும் இல்லை. 1989இல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயதானவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். அந்த ஒரு கதவை நம்பித்தான் அவள் இறங்கினாள்.

நான் கடுமையாக எதிர்த்தேன். இவான் இல்லிச் 1971இல் சமூகத்தைப் பள்ளியின் பிடியிலிருந்து விடுவிக்கச் சொல்லி எழுதிய புத்தகத்தை வியந்து பத்துப் பக்கம் எழுதியவன் நான். 1964இல் குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று ஜான் ஹோல்ட் எழுதியதையும் அந்தக் கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பத்துப் பக்கத்தையும் அவள் படித்திருந்தாள். "அப்போ அதெல்லாம் எழுதறதுக்கு மட்டும்தானா அண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். நான் பையனின் எதிர்காலம் என்றேன், ஊர் என்ன சொல்லும் என்றேன். கருத்துக்களை இறக்குமதி செய்து அச்சில் ஏற்றுவதோடு திருப்தியடையும் நம் அறிவுஜீவித்தனத்தைப் பற்றிப் பிறரைத் திட்டி எழுதியிருக்கிறேன். அந்தத் திட்டுக்கு நானே லாயக்கானவன் என்று தெரிய அந்தக் கேள்வி வேண்டியிருந்தது.

3

ஷ்யாம் வீட்டிலேயே படித்தவனல்ல. பால்கட்டிலும் தபோலியிலும் பள்ளிக்கூடம் போனவன்தான். ஆனால் ஸானே தன் கல்வி என்று நினைப்பது வீட்டில் நடந்ததை. ஆசிரமத்தில் நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, ராத்திரிக்கு ஒரு கதையாக, நாற்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஷ்யாம் தன் அம்மாவைப் பற்றிச் சொல்கிறான். குளித்துவிட்டு வந்த பையன் ஈரப் பாதத்தில் மண் ஒட்டும் என்று அடம்பிடிக்க, அவள் தன் புடவையைக் கீழே விரிக்கிறாள். பாதத்தில் அழுக்குப் படாமல் பார்த்துக்கொள்கிற மாதிரி மனதிலும் படாமல் பார்த்துக்கொள் என்கிறாள். மொட்டைப் பறித்து வந்த பிள்ளைகளிடம், செடியிலேயே மலர விட வேண்டும் என்கிறாள். உப்புப் போட மறந்த கறியை, அவள் மனம் நோகக் கூடாதென்று தகப்பனும் பிள்ளைகளும் பேசாமல் சாப்பிட்டு எழுகிறார்கள்.

இவற்றில் பலவும் நீதிக்கதைகள். ஒவ்வொரு இரவும் ஒரு படிப்பினையில் போய் முடிந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கதை சொல்பவனுக்கு இருக்கிறது. கண்ணீர் அதிகம். இலக்கியமாகப் பார்த்தால் இது பெரிய குறை. இதை மறைத்துப் பேசுபவர்கள் புத்தகத்துக்கு நன்மை செய்யவில்லை. ஆனால் இந்த நிர்ப்பந்தத்தை மீறிக்கொண்டு சில இடங்கள் தாமாகவே நிற்கின்றன.

ஒன்று, நீச்சல். கிணற்றில் நீச்சல் பழகப் பயந்து பையன் வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். மென்மையே உருவான இந்த அம்மா அவனைத் தேடிப் பிடித்து, குச்சியை எடுத்து அடித்து வெளியே துரத்துகிறாள். அவன் நீந்திவிட்டுத் திரும்பியதும் தயிர் கொடுக்கிறாள். தன் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொல்வதைத் தன்னால் தாங்க முடியாது என்கிறாள். அவள் கொடுத்த பாடங்களிலேயே பெரியது அவனைத் தன்னிடமிருந்து விரட்டியதுதான் என்று எனக்குப் படுகிறது. ஸானே இதை இப்படிச் சொல்லவில்லை. சம்பவம் சொல்கிறது.

இன்னொன்று, கடன். குடும்பம் நொடித்துப்போகிறது. லேவாதேவிக்காரனின் வசூல் குமாஸ்தா வாசலில் வந்து உட்கார்ந்து அவமதிப்பாகப் பேசுகிறான். உள்ளேயிருந்த அம்மா வெளியே வந்து பதில் சொல்கிறாள். இந்த அத்தியாயத்தைப் படித்தபோது நான் யாருடைய இடத்தில் இருக்கிறேன் என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. நானும் குமாஸ்தாதான். எங்கள் கிளையில் மே கடைசியிலும் ஜூனிலும் நகைக் கடனுக்கு நீண்ட வரிசை நிற்கும். பெரும்பாலும் பெண்கள். எதற்கென்று படிவத்தில் என்ன எழுதினாலும், வாயால் சொல்வது 'ஸ்கூல் ஃபீஸ்'. வளையலைக் கழற்றிய மணிக்கட்டில் வெளுத்த வட்டம் தெரியும். எடை போட்டு, மதிப்புப் போட்டு, பையில் முடிந்து சீல் வைத்து உள்ளே வைக்கிறோம். பையனை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பதை ஆடம்பரம் என்று தங்கையிடம் சொன்னபோது, இந்த வரிசையை நான் மறந்திருந்தேன். ஒருவேளை இந்த வரிசையில் நிற்பதையே கடமை என்று நினைத்திருந்தேனோ என்னவோ.

மூன்றாவது, சுள்ளிக்கட்டு. தீண்டப்படாதவள் என்று ஒதுக்கப்பட்ட மஹர் சாதிக் கிழவி ஒருத்தியின் விறகுச் சுமை கீழே விழுந்துகிடக்கிறது. போய்த் தூக்கிவிடு என்று அம்மா ஷ்யாமை அனுப்புகிறாள். வந்து குளித்துவிடு என்றும் சொல்கிறாள். இரண்டும் அவள் சொன்னவைதான். 1947 மேயில் பண்டரிபுரத்தில், விட்டல் கோயில் எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தவர் இந்த ஸானேதான். அம்மா சொன்ன இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். கல்வி என்று ஒன்று நடந்ததற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவரால் அவளிடம் அதை வந்து சொல்ல முடியவில்லை. 1917இலேயே அவள் இறந்துவிட்டாள். பிள்ளை வளர்ந்ததில் பாதியைத்தான் அவள் பார்த்தாள்.

அவள் பெயர் யசோதா.

4

யசோதை என்றதும் ஸ்ரீரங்கத்துக்காரனுக்குப் பெரியாழ்வார் நினைவு வராமலிருக்காது. கண்ணன் பிறந்தது, தொட்டிலில் கிடந்தது, தவழ்ந்தது, கைகொட்டியது, நிலாவைக் கூப்பிட்டது, தளர்நடை நடந்தது என்று அங்குலம் அங்குலமாக ஒரு தாய் பார்த்துக்கொண்டிருப்பதைப் பாடியவர் அவர். பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற தனிப் பிரபந்த வகையே இதிலிருந்து கிளைத்தது. காப்பு தொடங்கிச் சிறுதேர் வரை பத்துப் பருவங்கள். நம் ஊர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பல பிள்ளைத்தமிழ்களை எழுதித் தள்ளியவர். இந்த வகையில் எனக்கு ஆச்சரியமூட்டுவது அதன் எல்லை. பிள்ளை சிறுதேர் உருட்டுகிறது. அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு வைக்கிற வயது வருவதற்கு முன்பே தாய்க்குப் பார்க்க வேண்டியது தீர்ந்துபோகிறது. பாகவதக் கதையிலும் அப்படித்தான். கண்ணன் ஸாந்தீபனியிடம் படிக்கப் போவது கோகுலத்தை விட்டுப் போன பிறகு. யசோதைக்கு அவன் எழுத்துப் படித்தது தெரியாது.

இதற்கு மாற்றாகக் குலசேகராழ்வார் இருக்கிறார். அரங்கத்தின் மேல் பித்தாகப் பாடத் தொடங்குகிற பெருமாள் திருமொழியில், ஒரு பதிகம் முழுக்க தேவகி புலம்புகிறாள். பெற்றும், வளர்வதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவள். அவன் உண்டதை, உறங்கியதை, வெண்ணெய் அளைந்ததை எல்லாம் எவளோ ஒருத்தி பார்த்தாள், நான் பார்க்கவில்லை என்கிற துக்கம். காலை எட்டு மணிக்கு வேனில் ஏற்றிவிட்டு மாலை ஐந்துக்கு இறக்கிக்கொள்கிற தாய்க்கும் இந்தத் துக்கத்தில் பங்கு உண்டு என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் என் தங்கை, எந்த ஆழ்வாரையும் துணைக்கு அழைக்காமல், ஏறக்குறைய இதைத்தான் சொன்னாள். "அவன் பகல்லே யாரா இருக்கான்னே எனக்குத் தெரியலே."

இன்னும் பின்னால் போனால் புறநானூற்றில் பொன்முடியார். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்று வேலைகளைப் பங்கு பிரித்த அந்தப் பாட்டு நமக்கெல்லாம் பாடப் புத்தகத்திலேயே மனப்பாடம். பாடியவர் பெண் என்பதால் அது தாயின் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. மகாவித்வான் விஷயத்திலும் இந்தப் பங்கீடு வழுவாமல் நடந்தது. அவருக்கு ஆரம்பத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அவர் தகப்பனார் சிதம்பரம் பிள்ளை. அந்தப் பங்கு போடலில் தாய்க்கு அளந்து கொடுத்த நிலத்தின் எல்லையைத்தான் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் காவல் காக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. சான்றோனாக்குகிற வேலையையும் நானே பார்க்கிறேன் என்று ஒரு தாய் கை நீட்டினால், நம் மரபில் அவளுக்கு உட்கார இடமில்லை.

நவீன இலக்கியத்தில்? தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' 1966இல் வந்தது. அலங்காரத்தம்மாள் தன் பிள்ளை அப்புவைக் காவேரிக் கரையில் ஒரு வேத பாடசாலையில் விட்டுவிடுகிறாள். பதினாறு வருஷம். அவன் படிப்பு அவனுக்காக அல்ல, அவள் பாவத்தைக் கழுவ. பார்க்காமலிருப்பதையே தவமாகச் செய்த தாய் அவள். கடைசியில் அவள் எதிர்பார்த்த ரிஷி அங்கே இல்லை. அவள் காசிக்குப் போகிறாள். அந்த நாவலின் தைரியம் வேறு விஷயத்தில் இருப்பதாக எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒரு தாய் தன் மகனின் கல்வியை எதற்காக விரும்புகிறாள் என்ற கேள்வியை அவ்வளவு கூசாமல் கேட்டதும் தைரியம்தான். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற தாயிடமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். யாருக்காக?

பெரியாழ்வார், குலசேகரர், ஸானே, ஜானகிராமன் - பார்க்கிறவள் தாய், எழுதுகிறவன் ஆண். தாய்வேஷம் போட்டுக்கொண்டோ, மகனாக இருந்தோ, எழுதுகோல் இவன் கையில். விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி, மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றைத் திருடிச் சமையலறையில் ஒளித்துவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றுக்கொண்டாள். பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினாள். நம் ஸ்ரீரங்கத்திலேயே குமுதினி (1905-1986) இருந்தார். பள்ளிப் படிப்பை நம்பி எழுத வந்தவரல்ல. கதர் உடுத்தி, கூட்டுக் குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்து எழுதியவர். இதிகாசப் பெண்கள் பிறந்தகத்துக்குக் கடிதம் போடுவதாக அவர் எழுதியதில், சீதை தன் அம்மாவுக்குப் புடவை பற்றி எழுதுகிறாள். வால்மீகிக்கும் கம்பனுக்கும் தோன்றாத விஷயம். அந்தப்புரத்திலிருந்து நேராகவே தபால் வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்த அந்த மனசுக்கு, நம் விமர்சனம் 'நகைச்சுவை' என்று ஒரு பெயர் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிட்டது.

5

போன தை மாதம் தங்கை தன் நோட்டுகளை என்னிடம் கொடுத்தாள். நீளமான, கோடு போட்ட கணக்கு நோட்டுகள் நான்கு. கேட்டு வாங்கினேன் என்பதுதான் சரி. ஸானேயைப் படித்த பிறகு, தாயின் பக்கத்திலிருந்து ஏதாவது இருக்குமா என்ற ஆசை. "இதிலே ஒண்ணுமில்லே அண்ணா, கணக்குதான்" என்றாள்.

அவள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். வரிகளை அப்படியே எடுத்துப்போட வேண்டாம் என்றாள். அதனால் சாரத்தைச் சொல்கிறேன்.

முதல் நோட்டில் கணக்குதான். என்றைக்கு எந்தப் பாடம், எத்தனை நிமிஷம், எத்தனை தப்பு. ஏழாம் வாய்பாட்டுக்கு மூன்று நாள். ன, ண, ந மூன்றுக்கும் நாக்கு எங்கே தொடுகிறது என்று வாயைத் திறந்து காட்டியது. பள்ளியை விட்டு இறக்கினாளே தவிர, பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள் என்று தெரிகிறது. அடித்த நாள் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தேதிக்குக் கீழே அடித்தேன் என்பது மட்டும், பாடம் ஒன்றும் இல்லை. இரண்டாவது நோட்டில் நிமிஷக் கணக்கு மறைகிறது. பையன் கேட்ட கேள்விகள் வருகின்றன. அவளுக்குப் பதில் தெரியாதவற்றுக்கு ஒரு சுழி. பக்கத்துக்குப் பக்கம் சுழிகள் கூடிக்கொண்டே போகின்றன. கொள்ளிடத்து மணலில் அவன் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததையும், என்ன பார்க்கிறாய் என்று தான் கேட்காமலிருந்ததையும் எழுதியிருக்கிறாள். கேட்காமலிருக்கக் கற்றுக்கொள்ளத் தனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று என்பது அடுத்த வரி.

மூன்றாவது நோட்டில் அவன் முதல் பொய் சொல்கிறான். வகுத்தல் கணக்கை முடித்துவிட்டதாக. முடிக்கவில்லை. அவள் அன்றிரவு எழுதியிருப்பது ஒன்றரைப் பக்கம், நோட்டுகளிலேயே நீளமானது. முதலில் கோபம். பிறகு, பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் பார்க்காத எட்டு மணி நேரம் இருக்கிறது, இவனுக்கு எட்டு நிமிஷம்கூட இல்லை என்ற யோசனை. நான் பார்க்காத இடம் இவனுக்கு எங்கே இருக்கிறது. பொய்யைத் தவிர வேறு எதற்குள் போய் இவன் தனியாக இருப்பான், என்கிறாள்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பார்த்துக்கொண்டிருத்தல் என்பதை அன்பின் வேறு பெயராகவே நம் மரபு முழுக்கப் பாடியிருக்கிறது. பார்க்கப்படுவது பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று பெரியாழ்வாரின் யசோதை கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருக்க வேண்டியதும் இல்லை, பார்க்கப்படுகிறவன் பரம்பொருள். ஸானேயின் யசோதாவும் கேட்கவில்லை. குச்சியால் அடித்து வெளியே அனுப்பியபோது அவள் கை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. என் தங்கை கேட்கிறாள். பதில் தெரியாததால் ஒரு சுழி போட்டிருக்கிறாள். படிப்பினை எதிலும் போய் முடியாத அந்த ஒன்றரைப் பக்கம், ஸானேயின் எத்தனையோ இரவுகளைவிட எழுத்தாக எனக்கு உயர்வாகப் படுகிறது. உறவுக்காகச் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவன் எழுதுவதற்கும், நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. மகன் எழுதும்போது அம்மா இறந்து முழுமையாகிவிட்டாள். அம்மா எழுதும்போது மகன் இன்னும் முடியவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் மூன்று நோட்டுகளிலும் வேறு ஒரு குழந்தை இல்லை. 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே மாலைகளில் என் தங்கை ஒரே ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஸானேயில் ஒரு விறகுச் சுமை விழுந்து கிடந்தது. இந்த நோட்டில் அப்படி ஒரு சுமை கண்ணில் படவில்லை. விழவில்லையா, மாடிப் போர்ஷனிலிருந்து தெரியவில்லையா? பள்ளி எவ்வளவு மோசமானாலும், நாம் தேர்ந்தெடுக்காத ஒருவனை நம் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. அதை எந்தத் தாயாலும் வீட்டில் செய்துவிட முடியாது. இதை அவளிடம் சொன்னேன். "தெரியும். நாலாவது நோட்டைப் படிச்சியா?" என்றாள்.

நான்காவது நோட்டில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள்தான். அதில் ஒரு குறிப்பு, ஆடி மாதத்தினுடையது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து காவேரி நிறைந்து போகிறது. பையன் சொல்லாமல் வெளியே போயிருக்கிறான். தேடிக்கொண்டு போகிறாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவன், அவள் அதுவரை பார்த்திராத நாலைந்து பிள்ளைகளோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறான். அதில் ஒரு பையன் இவனுக்குக் கையை எப்படி வீசுவதென்று காட்டிக்கொடுக்கிறான். கூப்பிட வாயெடுத்தவள் கூப்பிடவில்லை. தூண் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, அவன் கரையேறுகிற வரை இருந்துவிட்டு, அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தலை ஏன் ஈரம் என்று கேட்கவில்லை. அதற்குப் பின்னால் குறிப்புகள் வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்து நின்றுவிடுகின்றன. அவனுக்கு இப்போது பதினொன்று. அடுத்த ஜூனில் பள்ளிக்குப் போகட்டுமா என்று அவனே கேட்டிருக்கிறான். யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தடவை இரண்டு பேரும்.

நோட்டு நின்றதை நான் தோல்வி என்று எடுத்துக்கொள்ளவில்லை. சிறுதேர்ப் பருவத்தில் புத்தகம் முடிகிறதே, அது மரபு போட்ட எல்லை. இது அவளே போட்டுக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல.

6

கடைசியாக ஒன்று. இது எனக்கு எழுதச் சங்கடமானது.

எட்டு வயதில் எனக்கு மஞ்சள் காமாலை வந்து, தேறிய பிறகும் பலவீனத்தில் ஒரு வருஷம் பள்ளிக்குப் போகவில்லை. அந்த வருஷத்தில்தான் வாசிப்புப் பழக்கம் ஏற்பட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தொகுப்பில் என் கட்டுரை வந்தபோது, ஆசிரியர் குறிப்புக்காக நானே எழுதிக் கொடுத்த வாசகம், நோயில் படுத்திருந்தபோது தானாகவே படிக்கத் தொடங்கியவர் என்பது. நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று தங்கை அதை நினைவுபடுத்தினாள். "தானாகவேயா? அம்மா கூடத்திலே உன் பக்கத்திலே உட்கார்ந்து, அரிசி பொறுக்கிண்டே, நீ படிக்கப் படிக்கத் தப்பைத் திருத்திண்டிருப்பா. எனக்கு அப்போ அஞ்சு வயசு. அந்தத் திருத்தலைக் கேட்டுத்தான் நான் படிக்கக் கத்துண்டேன்."

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவளுக்குத் தெரியாத வார்த்தை வந்தால், அதை மறுபடி படி என்று சொல்லுவாள்; தப்பு என்று சொல்ல மாட்டாள். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எப்போதும் நினைவிருந்தது. எழுத உட்கார்ந்தபோது மட்டும் விட்டுப்போயிற்று. மறதி என்று இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. எழுத்தாளன் தானாகவே முளைத்தவனாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அது. புத்தகம் படித்தே வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் உள்ள கௌரவம், அரிசி பொறுக்குகிற ஒருத்தி திருத்தி வளர்த்தாள் என்பதில் இல்லை என்று நினைத்திருக்கிறேன். ஸானேயின் கண்ணீரை மேலே குறை சொன்னேன். அந்தக் கண்ணீர் அதிகம்தான். ஆனால் தான் எங்கே படித்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை.

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அவள் நோட்டு எதுவும் வைத்திருக்கவில்லை. அந்த வருஷத்தை அவள் எப்படிப் பார்த்தாள் என்பது தெரிய இனி வழியில்லை. என்னால் செய்ய முடிகிறது ஒன்றுதான். அந்தத் தொகுப்பு யாரிடமாவது இருந்தால், என் பெயருக்குக் கீழே 'தானாகவே' என்றிருப்பதை அடித்துவிட்டு, 'தன் தாயிடம்' என்று திருத்தி வாசிக்கவும்.